தொகுதிக்கு இட்ட ஆணையைத் துண்டாடும் மடக்குகள்

தரவுத்தளத்துக்குள் இயங்கும் நிரல்களை எழுதுவோரிடையே ஒரு நம்பிக்கை ஆழ வேரூன்றியிருக்கிறது. அட்டவணையில் பத்தாயிரம் பதிவுகள் இருந்தால், முதல் பதிவை எடுத்துக் கணக்கிட்டு எழுதி, பின் இரண்டாவதை எடுத்துக் கணக்கிட்டு எழுதி, இப்படியே பத்தாயிரமாவது பதிவு முடியும்வரை சுற்றிவருவதுதான் இயல்பான முறை, வேகத்திலும் பெரிய இழப்பில்லாத முறை, இடையில் பிழை நேர்ந்தால் சமாளிக்க உதவும் பாதுகாப்பான முறை, சிக்கலான விதிகளுக்கு வேறு வழியே இல்லாத முறை என்பதே அந்த நம்பிக்கை. கல்லூரி ஆய்வகத்தில் தொடங்கி, அலுவலகங்களுக்கும் வங்கிகளுக்கும் மென்பொருள் செய்துதரும் நிறுவனங்கள்வரை அது கேள்வியின்றி நிலவுகிறது. அதன் நான்கு கூறுகளும் தவறானவை என்பதையும், அத்தவறு வேகக் குறைவோடு நின்றுவிடாமல், ஒரே விதிக்கு உட்பட்ட மக்கள் அனைவரையும் ஒரேபோல நடத்த வேண்டிய கடமையையே குலைக்கிறது என்பதையும் நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம்.

தொடக்கத்திலேயே சில சொற்களை வரையறுத்துக்கொள்ள வேண்டும். தரவுத்தளம் என்பது தகவல்களை அட்டவணைகளாக வைத்துக் காக்கும் மென்பொருள் அமைப்பு. அட்டவணையின் ஒவ்வொரு கிடைவரிசையும் ஒரு பதிவு. அட்டவணைகளிடம் கேள்வி கேட்கவும் அவற்றை மாற்றவும் பயன்படும் மொழி எஸ்.கியூ.எல்.; இம்மொழியில் எழுதுபவர் எந்தப் பதிவுகள், அவற்றில் என்ன மாற்றம் என்று மட்டுமே சொல்கிறார், எந்த வழியில் அவற்றைத் தேடிப் பிடிப்பது என்பதைத் தரவுத்தளமே முடிவு செய்துகொள்கிறது. இதற்கு மாறாக, முதலில் இதைச் செய், பின் அதைச் செய், இந்த நிபந்தனை பொய்யாகும்வரை திரும்பத் திரும்பச் செய் என்று படிப்படியாக வழிநடத்தும் மொழிகள் நடைமுறைசார் மொழிகள் எனப்படும். அவற்றுள் தரவுத்தளத்துக்குள்ளேயே இயங்குபவை ஆரக்கிளின் பி.எல்./எஸ்.கியூ.எல்., போஸ்ட்கிரெஸின் பி.எல்./பி.ஜி.எஸ்.கியூ.எல்., மைக்ரோசாஃப்டின் டி-எஸ்.கியூ.எல். ஆகியவை. திரும்பத் திரும்பச் செய்விக்கும் கட்டமைப்பைப் பள்ளிப் பாடநூல்கள் மடக்கு என்கின்றன, பணியிடங்களில் லூப் என்கிறார்கள். வினவலின், அதாவது அட்டவணையிடம் கேட்ட கேள்வியின், விடையிலிருந்து பதிவுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் கருவிக்குக் கர்சர் என்று பெயர். கர்சரைத் திறந்து, மடக்குக்குள் ஒரு பதிவை எடுத்து, அதற்கென ஒரு மாற்றக் கூற்றை இயக்கி, அடுத்த பதிவுக்கு நகரும் பழக்கமே இங்கே கண்டிக்கப்படுகிறது.

இந்தப் பழக்கத்தின் விளைவு எங்கே உறைக்கும் என்பதைக் காவிரிப் படுகையின் கடைமடைப் பகுதிகளுள் ஒன்றான திருத்துறைப்பூண்டி வட்டத்தை முன்வைத்துப் பார்ப்பது பொருத்தமானது. திருவாரூர் மாவட்டத்தின் இவ்வட்டத்தில் குறுவையோ சம்பாவோ தாளடியோ அறுவடையானபின், விவசாயி தன் நெல்லைத் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோகிறார். சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிக் கணக்கு ஆகியவற்றின் விவரங்கள் பதிவாகின்றன. ஈரப்பதமும் எடையும் பார்த்து, 40 கிலோ மூட்டைகளாக நெல் எடுக்கப்பட்டு, உரிய தொகை கணினிவழியே வங்கிக் கணக்குக்குச் செல்கிறது. பயிர் அழிந்தால் நிவாரணத் தொகையும், காப்பீடு செய்திருந்தால் இழப்பீட்டுத் தொகையும் அதே கணக்குக்கு வந்து சேர்கின்றன. கடைமடை விவசாயியின் ஆண்டு வருமானத்தின் பெரும்பகுதி இவ்வாறு ஏதோவொரு தரவுத்தள அட்டவணையின் ஒரு பதிவாகவே தோன்றி மறைகிறது. இத்துறைகளின் மென்பொருள்கள் உள்ளே எவ்வாறு எழுதப்பட்டுள்ளன என்பது இக்கட்டுரையின் பேசுபொருள் அன்று. அவற்றுக்கு அடிப்படையான விதிகள் எந்த வடிவில் இருக்கின்றன என்பதே இங்கே முக்கியம்.

அவ்விதிகள் அனைத்தும் தொகுதிகளைப் பற்றியவை. 2025-26 கொள்முதல் பருவத்துக்கு மத்திய அரசு சன்ன ரக நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 2,389 ரூபாயும் சாதாரண ரகத்துக்கு 2,369 ரூபாயும் ஆதரவு விலையாக அறிவித்தது; தமிழ்நாடு அரசு முறையே 156 ரூபாயும் 131 ரூபாயும் ஊக்கத்தொகையாகச் சேர்த்து, 2025 செப்டம்பர் 1 முதல் 2,545 ரூபாய், 2,500 ரூபாய் என்று விலை வகுத்தது. 2023 பிப்ரவரியில் பருவம் தவறிப் பெய்த மழையில் 33 விழுக்காட்டுக்கு மேல் சேதமான நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் என்று நிவாரணம் அறிவிக்கப்பட்டது. 2016ஆம் ஆண்டில் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் மகசூல் இழப்பு விவசாயிவாரியாக அளக்கப்படுவதில்லை. வருவாய்க் கிராமம் போன்ற ஓர் அலகில் பயிர் அறுவடைச் சோதனைகள் நடத்தி உண்மை மகசூலைக் கண்டறிந்து, அது வரம்பு மகசூலுக்கு எவ்வளவு குறைவோ அந்த விகிதத்தைக் காப்பீட்டுத் தொகையால் பெருக்கி, அந்த அலகில் காப்பீடு செய்த அனைவருக்கும் இழப்பீடு கணக்கிடப்படுகிறது. எந்த அரசாணையும் முதலில் இந்த விவசாயிக்குக் கொடு, பின்பு அடுத்தவருக்குக் கொடு என்று சொல்வதில்லை. இன்ன தகுதி உடையோர் அனைவருக்கும் இன்ன தொகை என்பதே ஆணையின் இலக்கணம். எஸ்.கியூ.எல். அந்த இலக்கணத்தை அப்படியே எழுதக்கூடிய மொழியாக இருக்கும்போது, நிரலாளர் அதை ஆயிரம் துண்டுகளாக வெட்டி மடக்குக்குள் போடுவது ஏன் என்ற கேள்விக்கு விடை தேட வேண்டும்.

பழக்கத்தின் பூர்வீகம்

விடை கணினி வரலாற்றில் இருக்கிறது. தகவல்கள் துளையட்டைகளிலும் காந்த நாடாக்களிலும் இருந்த காலத்தில், ஒரு பதிவைப் படித்து முடித்த பின்னரே அடுத்ததைப் படிக்க முடிந்தது. கோபால் போன்ற மொழிகளில் எழுதப்பட்ட சம்பளப் பட்டியல்களும் இருப்புக் கணக்குகளும் பதிவு பதிவாகச் சுற்றியது கருவியின் எல்லையால் நேர்ந்ததே தவிர, கணக்கின் தன்மையால் நேர்ந்ததன்று. வட்டுகள் வந்தபின்னும் அச்சிந்தனை தொடர்ந்தது. 1973ஆம் ஆண்டு டியூரிங் விருது பெற்ற சார்லஸ் பாக்மன், தம் விருதுரையில் நிரலாளரைத் தரவுக் கடலில் பதிவிலிருந்து பதிவுக்குச் செல்லும் மாலுமியாகவே சித்திரித்தார். ஆனால் அதற்கு மூன்றாண்டுகள் முன்பே, 1970இல், ஐ.பி.எம். நிறுவனத்தின் எட்கர் காட் எழுதிய ஆய்வுரை, தரவுகளைக் கணிதத்தின் கணங்களாகப் பார்த்து, ஒரு கணத்தின்மேல் செயல்பட்டு இன்னொரு கணத்தை விடையாகப் பெறும் உறவுநிலை மாதிரியை முன்வைத்துவிட்டது. 1974இல் இருவருடைய அணுகுமுறைகளும் நேருக்கு நேர் விவாதிக்கப்பட்டன. அதே ஆண்டில் டொனால்டு சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் எஸ்.கியூ.எல். மொழியின் முதல் வடிவத்தை வெளியிட்டார்கள். 1985இல் காட் வகுத்த உறவுநிலைத் தரவுத்தள விதிகளுள் ஒன்று, படிப்பதற்கு மட்டுமன்றிச் சேர்ப்பதற்கும் மாற்றுவதற்கும் நீக்குவதற்கும் பதிவுத் தொகுதி முழுமையையும் ஒரே செயலால் கையாள முடிய வேண்டும் என்று வலியுறுத்துகிறது.

பி.எல்./எஸ்.கியூ.எல். 1988இல் ஆரக்கிளின் ஆறாம் பதிப்போடு வந்தது. நிபந்தனை, பிழை கையாளுதல், செயல்கூறுகள் முதலியன இல்லாத எஸ்.கியூ.எல். மொழிக்குத் துணையாகவே அது அமைக்கப்பட்டது, எஸ்.கியூ.எல். செய்யும் வேலையைத் தானே எடுத்துக்கொள்வதற்காக அன்று. ஆனால் கோபாலிலும் சி மொழியிலும் பழகிய கைகள், புதிய மொழியில் கர்சரையும் மடக்கையும் கண்டவுடன், நாடாவைப் படித்த பழைய வழியை அதனுள் மீண்டும் கட்டிக்கொண்டன. கருவி போன பின்னும் கருவியின் எல்லை மட்டும் நிலைத்துவிட்டது. இன்று இயல்பு என்று பெயர் பெற்றிருப்பது அந்தப் பழைய எல்லைதான்.

இயல்பானது என்ற வாதம்

மடக்கு மனிதச் சிந்தனைக்கு நெருக்கமானது, ஆகவே படிப்பவருக்கு விளங்கும் என்பது முதல் வாதம். இதைச் சோதிக்க மேற்சொன்ன கொள்முதல் விலையையே எடுத்துக்கொள்ளலாம். செய்ய வேண்டியது இதுதான்: கொள்முதல் பதிவு ஒவ்வொன்றுக்கும், அதன் ரகத்துக்கும் தேதிக்கும் உரிய விலையை எடையால் பெருக்கி, செலுத்த வேண்டிய தொகையாக எழுத வேண்டும். இந்த ஒரு வாக்கியம் ஏறத்தாழ அப்படியே ஒரு எஸ்.கியூ.எல். கூற்றாகிவிடும்; கொள்முதல் அட்டவணையும் விலை அட்டவணையும் ரகத்தாலும் தேதியாலும் இணைக்கப்பட, பெருக்கற்பலன் தொகை நெடுவரிசையில் எழுதப்படும். மடக்கு வடிவத்திலோ, கர்சரை அறிவித்தல், மாறிகளை அறிவித்தல், பதிவை எடுத்தல், பதிவுகள் தீர்ந்தனவா என்று பார்த்தல், விலையை வினவுதல், விலை கிடைக்காவிட்டால் என்ன செய்வதென்று எழுதுதல், பெருக்குதல், மாற்றக் கூற்றை இயக்குதல், கர்சரை மூடுதல் என்று வேலை நீள்கிறது. இவற்றுள் நெல்லையோ விலையையோ பற்றிய வரிகள் இரண்டோ மூன்றோதான். எஞ்சியவை அனைத்தும் சுற்றுவதற்கான ஏற்பாடுகள்.

விதி அந்த ஏற்பாடுகளுக்குள் புதைந்துபோவதுதான் உண்மையான இழப்பு. ஒரு தணிக்கையாளரோ கொள்முதல் துறையின் அலுவலரோ நிரலைக் கையில் வைத்துக்கொண்டு, அரசாணை சொல்வதைத்தான் இது செய்கிறதா என்று கேட்டால், பதிவுகள் அனைத்தையும் ஒன்றாகக் கையாளும் தொகுதிக் கூற்றை வாக்கியத்துக்கு வாக்கியம் ஆணையோடு ஒப்பிட்டுக் காட்ட முடியும். மடக்கில் அவ்வாறு காட்ட முடியாது. மாறிகள் முந்தைய சுற்றின் மதிப்பைச் சுமந்துகொண்டு வருகின்றனவா, விலை கிடைக்காத பதிவுக்கு முந்தைய விவசாயியின் விலை ஒட்டிக்கொண்டதா என்றெல்லாம் ஒவ்வொரு சுற்றையும் மனத்துக்குள் ஓட்டிப்பார்த்தாக வேண்டும். எழுதும்போது எளிதாகத் தோன்றுவதும் சரிபார்க்கும்போது எளிதாக இருப்பதும் வேறுவேறு; பொதுப்பணத்தைக் கணக்கிடும் நிரலில் இரண்டாவதற்கே மதிப்பு அதிகம்.

வேகம் பற்றிய வாதம்

இன்றைய கணினிகள் வேகமானவை, ஆகவே மடக்கின் தாமதம் பொருட்டன்று என்பது அடுத்த வாதம். தாமதம் எங்கிருந்து வருகிறது என்பதை அறியாததால் எழும் வாதம் இது. தரவுத்தளத்துக்குள் நடைமுறைசார் மொழியை இயக்கும் பொறி ஒன்று, எஸ்.கியூ.எல். கூற்றுகளை இயக்கும் பொறி வேறொன்று. மடக்குக்குள் ஒரு கூற்றை எழுதும்போது ஒவ்வொரு சுற்றிலும் கட்டுப்பாடு முதற்பொறியிலிருந்து இரண்டாவதற்குப் போய்த் திரும்புகிறது. ஒரு சுற்றுக்கு மூன்று கூற்றுகள் என்றால், ஒரு லட்சம் பதிவுகளுக்கு மூன்று லட்சம் கூற்றுகள் இயங்குகின்றன. தொகுதி வடிவில் அதே வேலைக்கு ஒரே கூற்று போதும்.

இந்தப் போக்குவரத்துச் செலவைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. ஐ.பி.எம். நிறுவனத்தின் சிஸ்டம் ஆர் ஆய்வுத் திட்டத்தில் பட்ரீசியா செலிங்கரும் உடனாய்வாளர்களும் 1979இல் வெளியிட்ட முறையைப் பின்பற்றி, இன்றைய உறவுநிலைத் தரவுத்தளங்கள் பெரும்பாலும் வினவலுக்குப் பல வழிகளை ஆராய்ந்து, செலவு குறைந்த வழியைத் தாமே தேர்ந்துகொள்கின்றன. இவ்வேலையைச் செய்யும் பகுதிக்கு உகப்பாக்கி என்று பெயர். பயிர்க் காப்பீட்டுக் கணக்கை எடுத்துக்கொண்டால், கிராமத்தின் மகசூல் விவரம் ஒரு சிறிய அட்டவணை, காப்பீடு செய்தோர் பட்டியல் ஒரு பெரிய அட்டவணை. இரண்டையும் இணைக்கும் கூற்றை ஒன்றாக எழுதிக்கொடுத்தால், உகப்பாக்கி சிறிய அட்டவணையை ஒருமுறை நினைவகத்தில் ஏற்றிவைத்து, பெரிய அட்டவணையை ஒரே ஓட்டமாகப் படித்துக் கணக்கை முடித்துவிடலாம். ஒரே ஒரு கிராமத்துக்கான கணக்கு என்றால் சுட்டுவரிசை (இண்டெக்ஸ்) வழியாக நேரே அங்கே போய்விடலாம். பல செயலிகளிடையே வேலையைப் பங்கிட்டும் தரலாம். நிரலாளர் மடக்கை எழுதும்போதோ, ஒரு கிராமத்தில் ஐந்நூறு பேர் காப்பீடு செய்திருந்தால் அந்தக் கிராமத்தின் ஒரே மகசூல் எண்ணை ஐந்நூறு முறை தேடுமாறு தரவுத்தளத்தைக் கட்டிப்போட்டுவிடுகிறார். ஒரு சிறு கூற்றை மட்டும் காணும் உகப்பாக்கிக்கு, அது ஐந்நூறு முறை வரப்போகிறது என்பதே தெரியாது. எவ்வளவு வேகமான கணினி வாங்கினாலும் இந்த அறியாமை தீராது. பதிவுகள் பெருகப்பெருகத் தாமதமும் உடன் பெருகும்.

நவீன மொழிமாற்றிகள் இதைத் தாமே சரிசெய்துவிடும் என்று சிலர் மறுமொழி சொல்வதுண்டு. ஆரக்கிளின் 10ஜி பதிப்பிலிருந்து, கர்சர் மடக்குகள் பதிவுகளை ஒவ்வொன்றாக எடுக்காமல் நூறு நூறாக எடுத்துவைத்துக்கொள்கின்றன என்பது உண்மை. ஆனால் அச்சலுகை படிப்பதற்கு மட்டுமே உரியது. மடக்குக்குள் எழுதப்பட்ட மாற்றக் கூற்று அப்போதும் பதிவுக்கு ஒருமுறை தனித்தனியாகவே இயங்குகிறது. செலவின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

பாதுகாப்பு என்ற வாதம்

நான்கனுள் மிக ஆபத்தானது பாதுகாப்பு பற்றிய வாதம். ஒரே கூற்றாக எழுதினால் ஒரு பதிவின் பிழையால் அனைத்தும் நின்றுவிடும், மடக்காக எழுதினால் பிழையான பதிவை மட்டும் தாண்டிச் செல்லலாம், நூறு பதிவுகளுக்கு ஒருமுறை உறுதிசெய்துகொண்டே போகலாம் என்று அவ்வாதம் சொல்கிறது. உறுதிசெய்தல், அதாவது கமிட், என்பது அதுவரை செய்த மாற்றங்களைத் திரும்பப்பெற முடியாதபடி நிலைப்படுத்தும் கட்டளை. இதை மடக்கின் நடுவே வைப்பதன் பொருளை நிதானமாக எண்ணிப்பார்க்க வேண்டும். உயர்த்தப்பட்ட ஊக்கத்தொகையின் வித்தியாசத்தைக் கணக்கில் சேர்க்கும் மடக்கு பாதியில் அறுந்துபோனால், பட்டியலின் முற்பாதியில் இருப்போருக்குத் தொகை ஏறியிருக்கும், பிற்பாதியில் இருப்போருக்கு ஏறியிருக்காது. மீண்டும் முதலிலிருந்து ஓட்டினால் முற்பாதிக்கு இரண்டாம் முறை ஏறும். எங்கே நின்றது என்று குறித்துவைக்கத் தனி ஏற்பாடு செய்தால், அந்த ஏற்பாட்டிலும் பிழை வரலாம். அரசாணை அனைவருக்கும் ஒன்றாக இருக்க, பட்டியலில் முன்னால் வந்ததே ஒருவரின் தகுதியாகிவிடுகிறது. தொகுதிக் கூற்று ஒன்று முழுமையாக நிறைவேறும், அல்லது அறவே நிறைவேறாது. இடைநிலை என்பதே அதற்குக் கிடையாது. ஆரக்கிளில், தான் படித்துக்கொண்டிருக்கும் அட்டவணையையே மாற்றி இடையிடையே உறுதியும் செய்யும் மடக்கு, பழைய நிலையைக் காட்டும் தகவல் அழிந்துபோனதால் 1555 என்னும் எண்ணுள்ள பிழையோடு நின்றுபோவதும் உண்டு. பாதுகாப்புக்கென்று செய்த காரியமே விபத்துக்குக் காரணமாகிறது.

நடுவே உறுதிசெய்யாத மடக்கிலும் குறை தீர்வதில்லை. ஆரக்கிளும் போஸ்ட்கிரெஸும் தம் இயல்பான அமைப்பில், ஒவ்வொரு கூற்றுக்கும் அது தொடங்கிய கணத்தில் இருந்த தரவு நிலையையே காட்டுகின்றன. ஒரே கூற்று எனில், அதன் கீழ் வரும் பதிவுகள் அனைத்துக்கும் ஒரே விலைப்பட்டியல்தான் தெரியும். மடக்கிலோ ஒவ்வொரு சுற்றின் விலை வினவலும் புதிய கூற்று. மடக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது வேறோர் அலுவலர் விலைப்பட்டியலைத் திருத்தி உறுதிசெய்துவிட்டால், திருத்தத்துக்கு முன் சுற்றிய பதிவுகளுக்கு ஒரு விலையும் பின் சுற்றியவற்றுக்கு வேறு விலையும் விழும். ஒரே நாளில், ஒரே நிலையத்தில், ஒரே ரக நெல்லைக் கொடுத்த இருவருக்கு இருவேறு தொகை கிடைக்கும். பிழைச்செய்தி எதுவும் வராது. நிரல் வெற்றிகரமாக முடிந்ததாகவே பதிவாகும். இத்தகைய ஓசையற்ற பிழைதான் கண்டுபிடிக்க மிகக் கடினமானது.

பதிவு பதிவாக நடப்பதன் அபாயம் தரவுத்தளத் துறையின் பிள்ளைப்பருவத்திலேயே வெளிப்பட்டது. 1976ஆம் ஆண்டு வாக்கில் ஐ.பி.எம். ஆய்வகத்தில், 25,000 டாலருக்குக் குறைவாக ஊதியம் பெறுவோர் அனைவருக்கும் 10 விழுக்காடு உயர்வு தரும் கூற்று ஒன்றைச் சோதித்தபோது, முடிவில் அனைவருமே அந்த வரம்பை எட்டியிருந்தார்கள். ஊதியத்தின் சுட்டுவரிசை வழியே பதிவு பதிவாகச் சென்ற இயந்திரம், உயர்வு பெற்று முன்னே நகர்ந்த பதிவையே மீண்டும் மீண்டும் சந்தித்து உயர்த்தியதே காரணம். ஹாலோவீன் நாளன்று கண்டறியப்பட்டதால் ஹாலோவீன் சிக்கல் என்று பெயர் பெற்ற இதைத் தடுக்கும் பொறுப்பை அன்றுமுதல் தரவுத்தளங்களே ஏற்றுக்கொண்டன. தொகுதிக் கூற்று தன் மாற்றத்தைத் தானே மறுபடி காணாதபடி அவை காக்கின்றன. இன்னும் தகுதியுள்ள ஒரு பதிவைத் தேடு, மாற்று, மறுபடி தேடு என்று தம் கையால் மடக்கு கட்டும் நிரலாளர், அந்தப் பாதுகாப்பைத் துறந்துவிட்டு, ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன் தீர்க்கப்பட்ட சிக்கலைத் தம் நிரலுக்குள் மீண்டும் வரவழைக்கிறார்.

பிழையான பதிவைத் தாண்டிச் செல்லும் வசதியும் நடைமுறையில் கேடாகவே முடிகிறது. எந்தப் பிழை வந்தாலும் ஒன்றும் செய்யாதே என்று மடக்குக்குள் எழுதிவைக்கும் வழக்கம் பரவலாக உள்ளது. வங்கிக் குறியீட்டில் ஓர் எழுத்து மாறிய விவசாயியின் பதிவு அப்படித் தாண்டப்பட்டால், பணம் வராததை அவர் வந்து கேட்கும்வரை யாருக்கும் தெரியாது. போஸ்ட்கிரெஸில் மடக்குக்குள் வைக்கப்படும் ஒவ்வொரு பிழைபிடிக்கும் பகுதியும் தனக்கென ஓர் உட்பரிவர்த்தனையைத் திறக்கிறது. அவை பெருகும்போது அமைப்பு முழுவதும் மந்தமாகும். இதற்கான சரியான வழியும் தொகுதி வழியே: குறியீடு பொருந்தாத பதிவுகள், அடங்கல் இல்லாத பதிவுகள், எடை பதியாத பதிவுகள் ஆகியவற்றை முதலில் ஒரு வினவலால் பிரித்து, காரணத்தோடு பிழைப்பட்டியலில் எழுதி, எஞ்சியவற்றை ஒரே கூற்றால் முடிக்கலாம். ஆரக்கிள் தன் 10ஜி இரண்டாம் வெளியீட்டிலிருந்து, தொகுதிக் கூற்றை நிறுத்தாமலே பிழைப் பதிவுகளைத் தனி அட்டவணையில் எழுதிவைக்கும் வசதியையும் தருகிறது. தாண்டப்பட்டோர் யார், ஏன் என்ற பட்டியல் அன்று மாலையே அலுவலரின் மேசைக்கு வந்துவிடும்.

சிக்கலான விதி என்ற வாதம்

விதிகள் சிக்கலானவை, ஒரே கூற்றில் அடங்கா என்பது கடைசி வாதம். இவ்வாறு சொல்வோரின் நிரலைப் பார்த்தால், சன்னமா சாதாரணமா, செப்டம்பர் 1க்கு முன்பா பின்பா என்று ஒன்றனுள் ஒன்றாக அடுக்கிய நிபந்தனைகளே பெரும்பாலும் தென்படும். அவை நிரலில் இருக்க வேண்டியவையே அல்ல. ரகம், தொடங்கும் தேதி, முடியும் தேதி, விலை என்ற நான்கு நெடுவரிசைகள் கொண்ட ஒரு விலை அட்டவணையில் ஆண்டுக்கு இரண்டு பதிவுகளாக அவற்றை எழுதிவைத்தால் நிபந்தனை அடுக்கு முழுவதும் மறைந்து, ஓர் இணைப்பு மட்டுமே எஞ்சும். அடுத்த ஆண்டு விலை மாறும்போது நிரலைத் திருத்த வேண்டியதில்லை. இரண்டு பதிவுகளைச் சேர்த்தால் போதும்.

எஸ்.கியூ.எல். 1974இல் இருந்த அளவிலேயே நின்றுவிட்டதாக எண்ணுவதும் இவ்வாதத்தின் பின்னணியில் இருக்கிறது. 1999ஆம் ஆண்டுத் தரநிர்ணயம் தன்னைத்தானே அழைத்துப் படிநிலைகளில் இறங்கும் வினவல்களைக் கொண்டுவந்தது. வட்டம், குறுவட்டம், கிராமம் என்று கிளைக்கும் அமைப்பை மடக்கின்றி ஏறி இறங்க அது போதும். 2003ஆம் ஆண்டுத் தரநிர்ணயத்தில் இடம்பெற்ற சாளரச் சார்புகள், ஒரு பதிவை அதன் முன்பின் பதிவுகளோடு சேர்த்துக் கணக்கிட உதவுகின்றன. ஒரு கொள்முதல் நிலையத்தில் நாள்தோறும் சேர்ந்துவரும் மூட்டைகளின் மொத்தம், ஒரே விவசாயியின் முந்தைய விற்பனைக்கும் இன்றையதற்கும் இடைப்பட்ட நாள்கள் ஆகியவை அவற்றால் ஒரே வரியில் கிடைக்கும். பதிவு இருந்தால் திருத்து, இல்லாவிட்டால் சேர் என்னும் அன்றாடத் தேவைக்கு மெர்ஜ் என்ற கூற்றும் அதே தரநிர்ணயத்தில் வந்தது. போஸ்ட்கிரெஸ் 2022இல் வெளியான தன் 15ஆம் பதிப்பில் அதைச் சேர்த்துக்கொண்டது. ஒரு தலைமுறைக் காலமாகக் கைக்கெட்டும் தொலைவில் இருக்கும் இவற்றைக் கல்லாமல், மொழியால் முடியாது என்று தீர்ப்பெழுதுவது நேர்மையாகாது.

மடக்கின் உரிய இடம்

மடக்குகளை அறவே ஒழிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு அன்று. முந்தைய படியின் விடை இல்லாமல் அடுத்த படி இல்லை என்னும் கணக்குகள் உண்மையிலேயே உள்ளன. மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி.; இன்றைய இருப்பு என்பது நேற்றைய இருப்போடு வரத்தைக் கூட்டித் திறப்பைக் கழித்தது, ஆனால் அந்தக் கொள்ளளவைத் தாண்டியது உபரியாக வெளியேறிவிடும். வரம்பு ஒவ்வொரு நாளும் குறுக்கிடுவதால், நேற்றைய விடையை அறியாமல் இன்றைய இருப்பைச் சொல்ல இயலாது; எளிய கூட்டுத்தொகைச் சார்பால் இதை எழுதிவிட முடியாது. இங்கே நாள் நாளாகச் சுற்றுவது கணக்கின் இயல்பிலேயே இருக்கிறது. வெளியமைப்பு ஒன்றுக்குச் செய்திகளை ஒவ்வொன்றாக அனுப்பிப் பதிலைப் பெறுவது, பல அட்டவணைகளின்மீது ஒரே பராமரிப்பு வேலையைச் செய்வது, கோடிக்கணக்கான பழைய பதிவுகளை அமைப்பு திணறாதபடி பகுதி பகுதியாக நீக்குவது ஆகியவற்றிலும் மடக்கு தகுந்ததே; கடைசியாகச் சொன்னதில்கூட ஒவ்வொரு சுற்றும் ஒரு பெரிய தொகுதியைக் கையாள்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். நடைமுறைசார் மொழியில்தான் கணக்கிட்டாக வேண்டும் என்ற நிலையிலும், ஆரக்கிள் 8ஐ பதிப்பிலிருந்து தரும் பல்க் கலெக்ட், ஃபார்ஆல் ஆகியவை பதிவுகளைக் கட்டுக்கட்டாக எடுத்துக் கட்டுக்கட்டாக எழுத உதவுகின்றன.

ஆகவே வரையறை தெளிவானது. ஒரு பதிவின் விடை இன்னொரு பதிவின் விடையைச் சார்ந்திருந்தால், அல்லது தரவுத்தளத்துக்கு வெளியே ஒரு செயல் நிகழ வேண்டியிருந்தால், மடக்கைப் பயன்படுத்தலாம். ஒரே விதி பலருக்கும் தனித்தனியே பொருந்துவது மட்டுமே நிலைமை என்றால், மடக்குக்கு அங்கே இடமில்லை. நெல் விலை, ஊக்கத்தொகை, நிவாரணம், காப்பீடு, ஓய்வூதியம், உதவித்தொகை ஆகிய அனைத்தும் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. மடக்கை மறைத்து எழுதுவதும் இதே கண்டனத்துக்கு உரியது: ஒரே கூற்றைப் போல் தோற்றம் காட்டிக்கொண்டு, பதிவுக்கு ஒருமுறை வேறொரு வினவலை இயக்கும் செயல்கூற்றை உள்ளே அழைப்பது மடக்கின் தீமைகள் அனைத்தையும் சுமந்தே வருகிறது.

கற்பித்தலில் தொடங்க வேண்டிய திருத்தம்

இந்த நம்பிக்கை தானாக முளைப்பதில்லை. கற்பிக்கும் வரிசையால் வளர்க்கப்படுகிறது. தமிழ்நாட்டு மேல்நிலைப் பாடத்தில் மாணவர் முதலில் சி++, பைத்தான் ஆகிய மொழிகளில் மடக்கைப் பழகுகிறார், எஸ்.கியூ.எல். பின்னரே வருகிறது, அதுவும் பைத்தான் நிரலிலிருந்து கர்சர் வழியே பதிவுகளை எடுக்கும் பயிற்சியோடு சேர்ந்து வருகிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில் தரவுத்தள ஆய்வகப் பயிற்சிகளுள் உள்ளார்ந்த, வெளிப்படைக் கர்சர்களுக்கெனத் தனிப் பயிற்சி இடம்பெற்றது. கர்சரைக் கற்பிப்பதில் தவறில்லை. ஆனால் அப்பயிற்சிக்குப் பெரும்பாலும் கொடுக்கப்படும் கணக்கு, ஊழியர் அனைவருக்கும் ஊதியத்தை இத்தனை விழுக்காடு உயர்த்து என்பதாகவே இருப்பது பெருந்தவறு; ஒரே கூற்றில் முடிய வேண்டிய கணக்கையே கர்சருக்கு எடுத்துக்காட்டாகக் கொடுக்கும்போது, எங்கே அது தேவையில்லையோ அங்கேதான் அதைப் பயன்படுத்த வேண்டும் என்று மாணவர் கற்றுக்கொள்கிறார். மேட்டூர் இருப்பைப் போன்ற கணக்கைக் கர்சருக்கும், நெல் கொள்முதல் விலையைப் போன்ற கணக்கைத் தொகுதிக் கூற்றுக்கும் கொடுத்து, இரண்டின் வேறுபாட்டையும் மாணவரே எழுத்தில் விளக்குமாறு கேட்டால், பாடத்திட்டத்தில் ஒரு வரியையும் மாற்றாமலே இக்குறை பெரிதும் நீங்கும்.

பணியிடத்திலும் ஒரு கட்டுப்பாடு வேண்டும். பொதுமக்களின் பணத்தைக் கணக்கிடும் நிரல் ஒன்றில் மடக்கு இருந்தால், ஒரு பதிவின் விடை இன்னொன்றை எவ்வாறு சார்ந்திருக்கிறது என்பதை எழுதியவர் நிறுவியாக வேண்டும். நிறுவ முடியாத மடக்கைச் சரிபார்ப்பவர் ஏற்கக் கூடாது. மென்பொருளை வாங்கும் துறைகள், தம் அரசாணையின் ஒவ்வொரு விதியும் நிரலின் எந்தக் கூற்றில் இருக்கிறது என்று காட்டும்படி ஒப்பந்தத்திலேயே கேட்க வேண்டும். அக்கேள்விக்குத் தொகுதிக் கூற்றால் மட்டுமே நேரான விடை தர முடியும். சன்ன ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2,545 ரூபாய் என்று அறிவிக்கப்பட்ட விலை திருத்துறைப்பூண்டியின் கடைசி நிலையத்தில் கடைசியாக எடை போட்ட 40 கிலோ சன்ன ரக மூட்டைக்கும் 1,018 ரூபாயாகவே சென்று சேரும் என்பதற்கு, அந்த விலையை ஒரே கூற்றாக எழுதுவதைவிட உறுதியான உத்தரவாதம் நிரலாளரால் தர இயலாது. கையிலிருக்கும் அந்த உத்தரவாதத்தைப் பழக்கத்தின் பொருட்டுக் கைவிடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.